ஓடாத ஒருத்தி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இப்படிப்பட்டவளை ஆறுதல் சொல்லும் வேலைக்கு எந்தப் புண்ணியவான் எடுத்தான் என்று என் வீட்டுக்காரரே கேட்பதுண்டு. பதினாறு வருடம் பட்டாசுக் கம்பெனியில் குனிந்து உட்கார்ந்து சரம் பின்னினேன். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் குனியவே கூடாது என்று டாக்டர் சொன்ன சமயத்தில்தான் எங்கள் ஓடைக்கரைக் காலனிக்கு ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. மனசு சரியில்லாதவர்களை வீடு வீடாகப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும், உட்கார்ந்து பேச வேண்டும், தேவைப்பட்டால் விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு உள்ளூர்ப் பெண் ஒருத்தி தேவை என்றார்கள். எந்த வீட்டு வாசலிலும் கூச்சமில்லாமல் நின்று பேசுகிறவள் யார் என்று கேட்டதற்குக் காலனியே என்னைக் கை காட்டியது. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

சிவகாசியின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் காலனி. நூற்றுப் பன்னிரண்டு வீடு. குடிதண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வரும், பஸ் வரவே வராது. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்த வேனில் போனவர்களில் யாரோ ஒருத்தர் திரும்பி வருவதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் மனசைப் பற்றிக் கேட்க வந்ததே பெரிய காரியம் என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கழுத்தில் 'மனநலத் தோழி' என்று அட்டை மாட்டிக்கொண்டேன். ஜனங்கள் 'பைத்தியக்கார ஆபீஸ்காரி' என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கு மேலே இருந்தவள் சுகிர்தா. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் வீட்டுப் பெண். வயது இருபத்தாறு. மனநலப் படிப்பு படித்துவிட்டு, அப்பாவின் பிரஸ்ஸில் உட்கார மாட்டேன் என்று இந்த வேலைக்கு வந்தவள். தங்கமான பிள்ளை. ஆனால் பிறந்ததிலிருந்து சிவகாசியில் இருந்தும் பட்டாசு ரூமுக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அவள்தான் பதினெட்டுக் கேள்விகள் அச்சடித்த தாளை என் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஆமாம், இல்லை என்று குறிக்க வேண்டும். ஆமாம் எட்டுக்கு மேல் போனால் அந்த ஆளுக்கு உதவி தேவை.

முதல் வீட்டிலேயே எனக்குப் பொறுமை போனது.

"திடீர்ச் சத்தம் கேட்டால் திடுக்கிட்டு எழுந்திருக்கிறீர்களா?" என்று வாசித்தேன்.

"இதென்ன கேள்வி? எந்திரிச்சு ஓடாம அங்கனயே உக்காந்திருக்கவா?" என்றாள் அந்த வீட்டுக்காரி.

புதிய இடத்துக்குப் போனால் வெளியே போகும் வழியைத் தேடுவீர்களா? ஆமாம். கதவை ஒட்டியே உட்காருவீர்களா? ஆமாம். கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவீர்களா? ஆமாம். அடுப்பு அணைந்துவிட்டதா என்று பல தடவை பார்ப்பீர்களா? "பாக்காம?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே போர்மேன் சொல்லிக்கொடுப்பது இவைதான். ஒரு ரூமுக்கு நாலு பேர். கதவைப் பார்த்து உட்கார். அலுமினியப் பவுடர் போகக் கையைக் கழுவு. சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து ஓடு. என்ன ஏது என்று கேட்காதே, திரும்பிப் பார்க்காதே, யார் கையையும் பிடித்து இழுக்காதே. ஓடி முடித்த பிறகு ரூமுக்கு நாலு தலை இருக்கிறதா என்று எண்ணு. இந்தப் புத்தியை வைத்துத்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதைத் தாளில் வியாதி என்று எழுதி வைத்திருந்தார்கள்.

தொண்ணூற்றேழு வீட்டில் எட்டைத் தாண்டியது. தாள்களைப் பார்த்த சுகிர்தாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, இதை நம்புனா உங்க காலனியவே ஆஸ்பத்திரில சேக்கணும். சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்ல இத எப்படிக் குடுக்கிறது? நீங்க வீட்ல உக்காந்து குறிச்சீங்களான்னு கேப்பாங்க."

எனக்குச் சுரீர் என்றது. "மேடம், நாளைக்கு என்கூட வந்து நீங்களே கேளுங்க. அம்புட்டுப் பேரும் ஓடுறவகதான். நானும் ஓடுவேன். என் பேரையும் சேத்து எழுதிக்கோங்க" என்று தாள்களை மேஜையில் தட்டினேன்.

பாவம், அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் நிஜமாகவே வந்தாள். பத்து வீடு ஏறி இறங்கினாள். மூன்றாவது வீட்டிலேயே சிரித்துவிட்டாள். ஆறாவது வீட்டில் அந்தச் சிரிப்பு நின்றது. அன்று சாயங்காலம் இருவரும் டீக்கடையில் நின்றபடியே கம்பெனிக் கேள்விகள் எல்லாவற்றையும் அடித்தோம். மீதி இருந்தவற்றை வைத்துப் பார்த்தால் இருபத்து மூன்று பேர். அது நம்பும்படியாக இருந்தது. அவர்களுக்காக வியாழன்தோறும் சாயங்காலம் சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட ஆரம்பித்தோம். ஆண்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பெண்கள் மட்டும் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள்.

அந்தத் தாள்களில் ஒன்று சின்னத்தாயுடையது. அடித்த கேள்விகளுக்கும் அடிக்காத கேள்விகளுக்கும் எல்லாவற்றுக்கும் 'இல்லை'. தூக்கம் கெடுதா, இல்லை. சாப்பாடு எறங்காம இருக்கா, இல்லை. பயம் உண்டா, இல்லை. சத்தத்துக்குத் திடுக்கிடுவியா, இல்லை மதினி. அவள் எனக்கு ஒரு வயது இளையவள், நாற்பத்து மூன்று. இருபது வருடம் கம்பெனி வேலை. புருஷன் சுடலை லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வரப் பதினைந்து நாளாகும். ஒரே மகளைக் காரியாபட்டியில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டை அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாள். நான் தாளின் கீழே என் கைப்பட 'மிக நல்ல நிலை' என்று எழுதினேன். கூட்டத்துக்கு வந்து தண்ணீர் மொண்டு கொடுக்க, பாய் விரிக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டேன். மறுபேச்சு பேசாமல் வந்தாள். உதவி தேவைப்பட்டவளை உதவிக்கு வைத்துக்கொண்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்ல?

ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை. என்னையும் சுகிர்தாவையும் சேர்க்காமல் சமுதாயக்கூடத்தில் பதினாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவித்த நிலக்கடலையை நடுவில் கொட்டி உரித்துக்கொண்டே பேச்சு நடந்தது. கடலை இருந்தால்தான் பேச்சு வரும், அது நான் கண்டுபிடித்த வைத்தியம். திடீரென்று தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் டமார் என்று வெடித்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது. கூட்டத்தை நடத்த வேண்டியவள் நான்தான் முதல் ஆளாக ஓடியிருந்தேன். எல்லாரும் தெரு முக்கில் மூச்சு வாங்க நின்றோம். ஒருத்தி கையில் உரித்த கடலை அப்படியே இருந்தது, அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பழக்கதோஷத்தில் என் தலையை விட்டுவிட்டு மற்றத் தலைகளை எண்ணினேன். பதின்மூன்று.

மறுபடி எண்ணினேன். பதின்மூன்றுதான்.

திரும்பிக் கூடத்துக்குள் ஓடினேன். சுகிர்தா காதைப் பொத்திக்கொண்டு மேஜை ஓரத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு ஓடத் தெரியாது, அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பாயின் நடுவே சின்னத்தாய் உட்கார்ந்திருந்தாள். கடலைத் தோலை முறத்தில் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"பாருங்கக்கா, எல்லாரும் போயிட்டீங்க. இவங்க மட்டும் எம்புட்டு அமைதியா இருந்தாங்க!" என்றாள் சுகிர்தா. அவளுக்கு அது தைரியமாகத் தெரிந்தது.

எனக்கு அது தைரியமாகத் தெரியவில்லை. இருபது வருடம் பட்டாசு ரூமில் இருந்த உடம்பு அப்படி உட்கார்ந்திருக்காது. தூக்கத்தில் இருந்தாலும் எழுந்து ஓடும். ஓடாமல் இருக்க வேண்டுமானால் அந்த உடம்பை யாரோ உள்ளேயிருந்து பிடித்து உட்கார்த்தி வைத்திருக்க வேண்டும். சின்னத்தாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன மதினி, முகம் இப்படி இருக்கு? தண்ணி குடிக்கீகளா?" என்று கேட்டாள்.

அன்று அவளைத் தனியே விட மனசு வரவில்லை. என் வீட்டிலேயே சாப்பிட வைத்துப் படுக்க வைத்தேன். மறுநாள் அவள் வேலைக்குப் போகாமல் நிறுத்தி, அவள் வீட்டுக்கே போய் உட்கார்ந்துகொண்டேன். பேச்சோடு பேச்சாக அவளே ஒன்றைச் சொன்னாள். திங்கள்கிழமையிலிருந்து வெடிமருந்து அடைக்கிற ரூமுக்குப் போகப் போகிறாளாம். சீசன் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, யாரும் அந்த ரூமுக்கு வர மாட்டேன் என்கிறார்கள், போர்மேன் நாகையாவிடம் அவளே வலியப் போய்க் கேட்டிருக்கிறாள். கம்பெனியிலேயே ஆபத்தான ரூம் அதுதான்.

பயிற்சியில் ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காதே, நேராகக் கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அப்போது தலையை ஆட்டினேன். இப்போது அதைச் செய்ய வேண்டியிருந்தது.

"சின்னத்தாயி, சாகணும்னு நெனைக்கியா?"

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "சாகணும்னு இல்ல மதினி. எதுவும் செஞ்சுக்க மாட்டேன். ஆனா ரூமுல ஏதாவது ஆச்சுன்னா ஓட மாட்டேன். அம்புட்டுத்தான்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த விபத்து எனக்கும் தெரிந்ததுதான். அந்த ரூமில் சின்னத்தாயும் பஞ்சம்மாளும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கூட்டாளிகள். சத்தம் கேட்டதும் சின்னத்தாய் ஓடினாள். சட்டம் சொன்னபடி ஓடினாள்.

"எனக்குப் பின்னாடி அவ காலடிச் சத்தம் கேட்டுச்சு. ரெண்டு அடி, மூணு அடி. பொறவு கேக்கல. நான் திரும்பிப் பாக்கவே இல்ல மதினி."

நீ செய்தது சரிதானே என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் சரின்னுதான் சொல்லப் போறீக. போர்மேன் சொல்லிட்டாக, போலீஸ் சொல்லிட்டாக, எம் புருஷன் சொல்லிட்டாரு. சரி சரின்னு சொல்லச் சொல்ல எனக்கு உள்ள எரியுது. சரியாச் செஞ்சவ எதுக்கு இப்படிக் கெடக்கேன்?"

வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் அது பெரிய சாதனை. அவளோடு சேர்ந்து இரண்டு படி சின்ன வெங்காயத்தை உரித்தேன். கண்ணீர் வந்தது, அதற்கு வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொண்டோம்.

கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன். "உன்கூட அந்த ரூமுல யாரு யாரு?"

மூன்று பெயர் சொன்னாள். ஒருத்தி இசக்கியம்மாள், ஒரு வயதுப் பிள்ளைக்காரி.

"நீ எங்கன உக்காருவ?"

"வாசல ஒட்டி."

"அப்ப இசக்கி உன்னத் தாண்டித்தான் ஓடணும்" என்றேன். "நீ எந்திரிக்கலேன்னா அவ உன் மேலதான் தடுக்கி விளணும்."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. இதை அவள் யோசித்திருக்கவே இல்லை. தன் உயிரை மட்டும் கணக்கில் வைத்திருந்தாள். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு வருடத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

சுகிர்தாவுக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை காலையிலேயே ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். மூவரும் மெயின் ரோட்டுக்கு நடந்துபோய்ப் பஸ் பிடித்து விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனநல டாக்டர் நிதானமாக விசாரித்தார். இது வியாதிதான், குணமாகும், மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகும், அதுவரை ஆளைத் தனியாக விடாதீர்கள், அந்த ரூம் பக்கம் விடவே விடாதீர்கள் என்றார். வேலையை மொத்தமாக நிறுத்தினால் வீட்டில் தனியே கிடந்து சுவரோடுதான் பேச வேண்டும் என்று சின்னத்தாய் சொன்னாள். அப்படியானால் வெடி மருந்து இல்லாத வேலையாகப் பார்க்கச் சொன்னார். புருஷனுக்கு நானே தகவல் சொன்னேன். லோடு இறக்கிவிட்டு உடனே திரும்புகிறேன் என்றான் சுடலை. அதுவரைக்கும் கூட இருக்கக் காலனிப் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். உடம்பு முடியவில்லை என்று மட்டும்தான் அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சுகிர்தா அவளிடம் ஒளிக்காமல் பேசினாள். "நீங்க சொன்னத நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேம்மா. ஆனா உங்க உசுருக்கும் மத்தவங்க உசுருக்கும் ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும். நாகையாகிட்ட நீங்களே சொல்றீங்களா, நாங்க சொல்லட்டுமா?"

"என்னன்னு சொல்ல? கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னா?" என்றாள் சின்னத்தாய். "ஒருக்கா சொல்லிட்டா ஆயுசுக்கும் அந்தப் பேருதான்."

அவள் பயப்பட்டதில் தப்பில்லை. எங்கள் ஊரில் காச நோயைக்கூடச் சொல்லிவிடலாம். இதை வெளியே சொன்னால் மகளின் மாமியார் வீடு வரை போகும். ஆனாலும் நான் விடவில்லை. "திங்கக்கிளமை வேன் கெளம்புற வரைக்கும் உனக்கு டயம். நீ சொல்லலேன்னா வேன் மறிச்சு நான் சொல்லுவேன்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர்பாராமல் ஒன்று நடந்தது. பஞ்சம்மாளின் புருஷன் காளிராஜ் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். தண்ணீர் கேன் போடும் வேலை. அந்தத் தெரு வழியாகப் போனால் தண்ணீர்த் தொட்டி பக்கம். ஆனால் இரண்டு வருடமாகச் சின்னத்தாய் சுற்றிக்கொண்டுதான் போவாள். அவர் தன்மேல் தீராத ஆத்திரத்தில் இருக்கிறார் என்பது அவள் நினைப்பு. அவளுக்கு உடம்பு முடியவில்லை என்ற பேச்சு தெருவில் பரவி, சாத்தூர் சேவு ஒரு பொட்டலத்தோடு அவரே வந்து வாசலில் நின்றார். சின்னத்தாய் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"வையறதுக்கு வரல, மாரிச்செல்வி" என்றார் அவர். பிறகு என் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தார். "தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருசமாக் கேக்கணும்னு நெனச்சு, நீ வேற பாதையில போறதப் பாத்து விட்டுட்டேன்."

"கேளுங்கண்ணே" என்றாள்.

"அன்னைக்குக் காலைல எனக்கும் அவளுக்கும் சண்டை. சோத்துச் சட்டிய அப்படியே வச்சிட்டுப் போயிட்டா. தூக்குவாளியும் எடுக்கல. மத்தியானத்துக்கு மேலதான அது நடந்துச்சு? அவ ஏதாவது சாப்பிட்டாளா தாயி?"

இரண்டு வருடமாக ஒரு மனுஷன் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் தண்ணீர் கேன் சுமந்திருக்கிறார். நானும் இரண்டு தடவை தாளோடு போய் அவரிடம் உட்கார்ந்திருக்கிறேன். என் பதினெட்டுக் கேள்வியில் இது இல்லை.

சின்னத்தாய் சுவரை விட்டு நகர்ந்து முன்னால் வந்தாள். "சாப்பிட்டாண்ணே. என் தூக்குல புளிச்சோறு இருந்துச்சு. பாதிக்கு மேல அவதான் சாப்பிட்டா. துவையல் பத்தலைன்னு பக்கத்து ரூமுல போய் வாங்கியாந்து சாப்பிட்டா."

"வயிறு நெறையவா?"

"நெறையத்தான். உங்கள வஞ்சுக்கிட்டேதான் சாப்பிட்டா."

காளிராஜ் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது. "என்னன்னு வஞ்சா? அதச் சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். பஞ்சம்மாள் மாதிரியே குரலை இழுத்துச் சொன்னாள். செருப்பு வாங்கச் சொன்னால் மறந்துவிட்டு வருகிறவன், சினிமாவுக்குக் கூட்டிப்போய்த் தூங்குகிறவன், ஆனாலும் பிள்ளைகள் மேல் கை வைக்காத மனுஷன், சாயங்காலம் போய்ப் பேசிவிட வேண்டியதுதான் என்றாளாம். கேட்டுக்கொண்டே அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். "இதச் சொல்லுறதுக்கு உன்ன விட்டா ஆளே இல்லியே தாயி" என்றார்.

சின்னத்தாய் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "அண்ணே, நான் திரும்பிப் பாக்கலண்ணே. அவ வாறான்னு நெனச்சேன். விட்டுட்டு ஓடிட்டேன்."

காளிராஜ் துண்டை மடித்துத் தோளில் போட்டார். "ஓடுனது தெரியும்" என்றார். "பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு மூணு மாசம் உன்னத் தூங்கி எந்திரிக்கும்போதெல்லாம் வஞ்சேன். நீ மட்டும் எப்படி வந்தன்னு வஞ்சேன். பொறவு விட்டுருச்சு. இப்ப இல்ல."

என்ன மனுஷன் இவர் என்று எனக்குப் பகீரென்றது. மாத்திரை போட ஆரம்பித்து ஒரு நாள்தான் ஆகியிருக்கிறது. ஆனால் சின்னத்தாயைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. ஊரே சரி என்று சொன்னதில் ஆறாதது, ஒருத்தர் வாய் திறந்து வஞ்சேன் என்று சொன்னதும் இறங்கியது. அவள் இரண்டு வருடமாக எதிர்பார்த்த வசவு அதுதான். வசவு வந்தது, வந்து முடிந்தும் போயிருந்தது. அவள் எழுந்து போய்ச் சேவுப் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டி அவர் முன்னால் வைத்தாள். மூவரும் சாப்பிட்டோம்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அன்று ராத்திரியும் அவள் சரியாகத் தூங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டதற்குப் பதிலும் சொல்லவில்லை.

ஏழு மணிக்கு வேன் வந்தது. நாகையா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு பெயர் வாசித்தார். ஐம்பத்தைந்து வயது, இரும்பு மாதிரி ஆள். எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தை 'ஊர்வம்புச் சங்கம்' என்று கேலி செய்கிறவர். பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். இசக்கியம்மாள் பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். சின்னத்தாய் தூக்குவாளியோடு வந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வேன் படியில் கால் வைத்தாள். ஏறியும்விட்டாள்.

சொன்னபடி வேனை மறிக்க வேண்டியதுதான் என்று இரண்டடி முன்னால் போனேன். ஊர் முன்னால் அவள் மானத்தை வாங்கினால் அப்புறம் என் முகத்தில் விழிப்பாளா? விழிக்காவிட்டால் போகிறாள், உயிரோடு இருந்து விழிக்காமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நாகையாண்ணே" என்று உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. "என்ன மருந்து ரூமுல போடாதீக."

"நீதான கேட்டு வாங்குன? இப்ப ஆளுக்கு நான் எங்க போவேன்? சீசன்ல வெளையாடுறியா?" என்றார் நாகையா.

"எனக்கு மனசு சரியில்லண்ணே. டாக்டர்ட்டப் போயிட்டு வந்திருக்கேன், மாத்திரை சாப்பிடுதேன்." வேனுக்குள் சளசளப்பு நின்றது. அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. "சத்தம் கேட்டா ஓடணும்னு எனக்குத் தோணல. பஞ்சு போனதுலருந்து இப்படித்தான் இருக்கு. என்ன வாசல்ல உக்கார வச்சா எனக்குப் பின்னாடி இருக்கவ வெளிய வர முடியாது. லேபிள் ஒட்டுற ஷெட்டுல போடுங்க. இல்லேன்னா எறங்கிக்கிறேன்."

நாகையா நோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். விபத்து நடந்த அன்று தலை எண்ணியவர் அவர்தான். அன்று மூன்று வரைக்கும்தான் எண்ண முடிந்தது. நோட்டில் எதையோ அடித்து, எதையோ எழுதினார். "லேபிள் ஷெட்டு" என்றார். அவ்வளவுதான் வந்தது.

வேனில் இருந்தவர்கள் அவளையே பார்த்தார்கள். எல்லாருமாக அவளை ஒதுக்கிவிடுவார்களோ என்று நான் பயந்தேன். சின்னத்தாய் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இசக்கியம்மாள்தான் வெடித்தாள். "அடி பாதகத்தி! ரெண்டு வருசமா இத வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா எங்க கூட வேன்ல வந்துக்கிட்டிருந்த? கேக்க நாதி இல்லாமலா போச்சு உனக்கு? நாங்க எல்லாம் செத்தா போயிட்டோம்?" அவள் அழுதுகொண்டே வைதாள். வைதுகொண்டே சின்னத்தாயின் கையைப் பிடித்து இழுத்துத் தான் நகர்ந்துகொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்த்தினாள். "இங்கன உக்காரு. சாயங்காலம் எறங்கும்போதும் என்கூடத்தான் எறங்கணும். கேக்குதா?"

"கேக்குது" என்றாள் சின்னத்தாய்.

வேன் கிளம்பியது. முக்குத் திரும்பும் வரைக்கும் இசக்கியம்மாள் வைகிற சத்தம் தெருவில் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னும் இரண்டு மூன்று குரல்கள் அதில் சேர்ந்துகொண்டன. அவ்வளவு வசவுக்கும் நடுவில் சின்னத்தாய் உட்கார்ந்திருந்தாள். இசக்கியம்மாள் அவள் கையை விடவே இல்லை என்பது பின் கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது.